காக்கா தொடாத சோறு

அமாவாசை வந்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான். பக்கத்து மாடியில் யாராவது 'கா... கா...' என்று கூப்பிட ஆரம்பித்தால் ஜன்னலைப் படாரென்று சாத்திவிடுவேன். என் மகள் சிரிப்பாள். சிரித்துவிட்டுப் போகட்டும், அவளுக்கு என்ன தெரியும்?

கருமத்தம்பட்டிக்குப் பக்கத்தில், தறிச் சத்தம் ஓயாத ஓர் ஊரில் எங்கள் ஓட்டு வீடு. அப்பா போர் வண்டியோடு ஆந்திராப் பக்கம் ஆழ்துளைக் கிணறு போடப் போகிறவர். ஒரு தடவை போனால் ஏழெட்டு மாதம் கழித்துத்தான் முகத்தைப் பார்க்கலாம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அப்படிப் போனவர் வரவில்லை, வண்டிக்காரர்கள் மட்டும் வந்தார்கள். காய்ச்சலில் கிடந்தவரை அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வேலைக்குப் போனார்களாம். திரும்பிப் போய்ப் பார்த்தால் கட்டில் காலி. கேட்பாரில்லாத பிணங்களை அந்த வாரம் புதைத்தார்கள் என்று வாசலில் யாரோ சொல்ல, அதில் ஒன்று அப்பாதான் என்று இவர்களே முடிவு கட்டிக்கொண்டு வண்டியேறிவிட்டார்கள். தோண்டிப் பார்த்தவன் ஒருத்தன் இல்லை.

பிணம் இல்லாமலே காரியம் நடந்தது. புல்லில் ஓர் ஆள் செய்து, அப்பாவின் நீலச் சட்டையைப் போர்த்தி எரித்தார்கள். அம்மாவின் நெற்றிப் பொட்டை அழித்தார்கள். அப்புறம் ஊரே சாட்சி சொல்லி, தாலுக்கா ஆபீசுக்கு நடையாய் நடந்து, அவளுக்கு விதவைப் பென்ஷன் வாங்கிக் கொடுத்தார்கள். மாசா மாசம் தபால்காரர் மணியார்டராகக் கொண்டுவருவார். "போனவரு புண்ணியமுங்க அம்மணி, கைநாட்டு வெய்யுங்க" என்று ஒவ்வொரு தடவையும் அதே பேச்சு. அவருக்கு அது தமாஷ்.

பெரிய பணம் ஒன்றுமில்லை. ஆனால் அம்மா தறிக் கொட்டகையில் நூல் சுற்றிச் சுற்றிப் பஞ்சு ஏறிய நெஞ்சுக்காரி. வாரத்தில் பாதி நாள் இருமிக்கொண்டு பாயில் கிடப்பாள். கொட்டகையில் வராத நாளுக்குக் கூலி ஏது? அந்த நாட்களில் ரேஷன் அரிசியும் மண்ணெண்ணெயும் தம்பிக்குப் பாலும் அந்த மணியார்டர்தான்.

ஊர் சாட்சி சொன்னது. காக்காய்தான் சொல்லவில்லை.

அமாவாசைக்கு அமாவாசை அம்மா குளித்துவிட்டு, ஓட்டின் மேல் வாழை இலைத் துண்டில் சோறு வைத்துக் கூப்பிடுவாள். காக்காய் வரும், தலையைச் சாய்த்துப் பார்க்கும், தத்தித் தத்திப் பக்கத்து வீட்டு ஓட்டுக்குப் போய்விடும். அங்கே இருக்கிற சோறு மட்டும் அதற்கு இனிக்கும். எனக்கு வரும் ஆத்திரத்துக்குக் கல்லெடுத்து எறிவேன். பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "அவருக்குப் புடிச்சதா வெச்சுப் பாருங்கக்கா, ஏதோ கொறை இருக்குது" என்பாள். அப்பாவுக்குப் பிடித்தது அரிசிம்பருப்பு சோறு. அம்மா நெய் கடன் வாங்கி அதையும் செய்து வைத்தாள். சாயங்காலம் அது எறும்பு மொய்த்துக் கிடந்தது.

அன்றைக்கு விளக்கு வைத்த பிறகு அம்மா என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள்.

"கண்ணு, காக்காய்க்குத் தெரியாம இருக்காது. உங்கப்பா எங்கியோ உசுரோட இருக்கறாரு."

"அப்படின்னா நல்லதுதானேம்மா?"

என் வாயைப் பொத்தினாள். "சத்தமாச் சொல்லாத. பென்ஷன நிறுத்திப்போடுவாங்க."

அதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் கீழ்த்தெருவில் ஓர் அம்மாவுக்கு, மகன் மில் வேலைக்குப் போகிறான் என்று யாரோ சொல்லி நிறுத்தியிருந்தார்கள். பொய் சொல்லி வாங்கினால் எல்லாவற்றையும் திருப்பிக் கட்டவேண்டும், இல்லாவிட்டால் ஜெயில் என்று குழாயடியில் ஒரே பேச்சு. அம்மா எந்தப் பொய்யும் சொல்லவில்லை. ஆனாலும் பயம் பயம்தானே.

அதற்குப் பிறகு நாங்கள் தூங்கிய தூக்கம் தூக்கமா? தெருவில் செருப்புச் சத்தம் கேட்டால் அம்மா எழுந்து தாழ்ப்பாளைப் போடுவாள். போட்டுவிட்டு அதே கதவில் காதை வைத்துக்கொண்டு நிற்பாள். சத்தம் தாண்டிப் போனால் பெருமூச்சு விடுவாள், உடனே அழுவாள். அப்பா வரவேண்டும் என்று நானும் சாமி கும்பிட்டேன். வந்துவிடுவாரோ என்றும் பயந்தேன். நல்ல கூத்து, போங்கள்!

அவர் வந்தார்.

பட்டப்பகல். தபால்காரர் வாசல்படியில் உட்கார்ந்து மணியார்டர் பாரத்தை விரித்துக்கொண்டிருந்தார். அம்மாவின் பெருவிரலில் மை. வேலிக்கு வெளியே தாடியும் மூட்டையுமாக, எலும்புக்குத் தோல் போர்த்திய மாதிரி ஓர் ஆள் வந்து நின்றார். அந்த நேரம் பார்த்துத் தபால்காரர், "போனவரு புண்ணியமுங்க அம்மணி" என்றார்.

அந்த ஆள் அம்மாவின் வெறும் நெற்றியைப் பார்த்தார். திறந்த கதவுக்குள் மாலை போட்டிருந்த போட்டோவைப் பார்த்தார். அதில் இருப்பது யாரென்று அவருக்கா தெரியாது?

"ஏனுங்க அம்மணி, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கெடைக்குங்களா?" என்றார். கட்டின பெண்டாட்டியை!

அம்மா எழுந்திருக்கவில்லை. "கண்ணு, தண்ணி குடு" என்று என்னிடம் மட்டும் சொன்னாள். நான் சொம்பைக் கொண்டுபோனேன். அவர் அண்ணாந்து குடித்துவிட்டு, கடைசி வாய்த் தண்ணீரை வேலியோரத்து முருங்கை மரத்தடியில் ஊற்றினார். அந்த மரத்தை நட்டது அப்பா. எப்போதும் கடைசி வாயை அதற்குத்தான் ஊற்றுவார். நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன்.

"தெரிஞ்சவருங்களா?" என்று கேட்டார் தபால்காரர்.

"இல்லீங்க" என்றாள் அம்மா. "யாரோ வழியில போறவருங்க."

அவர் சொம்பை என் கையில் கொடுத்தார். விரல் என் விரல்மேல் பட்டது, சுட்டது. "நல்லாருங்க அம்மணி" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு அவிநாசி ரோட்டுப் பக்கம் நடந்தார். அம்மா கைநாட்டு வைத்தாள். தபால்காரர் சைக்கிள் தெருமுனை திரும்பியதுதான் தாமதம், முந்தானை தரையில் புரள ஓடினாள். பஸ் ஸ்டாப் வரைக்கும் ஓடினோம். ஒருத்தரும் இல்லை. இத்தனை நாள் எங்கே இருந்தார், ஏன் ஒரு கடுதாசி போடவில்லை, எதுவும் தெரியாது. கேட்க விட்டோமா?

அன்றிலிருந்து அம்மா கதவுக்குத் தாழ்ப்பாள் போடவில்லை. தினமும் ஒரு ஆள் சோறு கூடுதலாக வடித்து மூடி வைத்தாள்.

அடுத்த அமாவாசைக்குச் சோறு வைக்கவே மாட்டேன் என்றாள். "உசுரோட இருக்கறவருக்கு எப்பிடிக் கண்ணு வெக்கறது?" ஆனால் வைக்காவிட்டால் தெரு கேட்குமே. காக்காய் எப்படியும் தொடாது என்ற தைரியத்தில் வைத்தாள். அன்றைக்குக் கூப்பிடக்கூட இல்லை.

இலையை ஓட்டில் வைத்துவிட்டுக் கையை எடுப்பதற்குள் காக்காய் வந்து உட்கார்ந்தது. ஒரு கொத்து, இன்னொரு கொத்து. கரைந்து மற்றதையும் கூப்பிட்டது. கண்மூடித் திறப்பதற்குள் இலை காலி.

"எடுத்துருச்சுங்கக்கா!" என்று பக்கத்து வீட்டு அக்கா கைதட்டினாள். "இப்பத்தான் அவரு மனசு ஆறியிருக்குது!"

அம்மா அப்படியே மண்ணில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டாள். அந்தப் புல் பொம்மையை எரித்த அன்றுகூட அவள் இப்படி அழவில்லை. தெருப் பெண்கள் ஓடிவந்து, "சந்தோசப்படோணும் அம்மணி, இதுக்குப் போயி அழுகலாமா?" என்று தேற்றினார்கள். அவள் என் தலையை இழுத்துத் தன் வாயோடு வைத்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"தண்ணி மட்டுந்தானே கண்ணு குடுத்தோம். ஒரு வாய் சோறு போடலியே."