ஆயில் கூலரில் ஒட்டிக்கொண்டிருந்தவை

ஞாயிற்றுக்கிழமை மகளைத் தனுஷ்கோடிக்கு என் பழைய ஸ்போர்ட்ஸ் காரில் அழைத்துப் போவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். ஆறு மாதமாக ஷெட்டில் நின்ற காரை நேற்று ஓட்டிப் பார்த்தால், ஆயில் கொதிக்கிறது.

இன்று ராமநாதபுரத்தில் மெக்கானிக் முனியசாமியிடம் விட்டேன். முன்பு பாம்பனில் படகு இன்ஜின் பார்த்தவர். முன் பம்பருக்குப் பின்னாலிருந்து ஆயில் கூலரைக் கழற்றியவர், அதை என் பக்கம் திருப்பினார்.

“காரைக் கடலுக்குள்ள எறக்குனீகளாண்ணே?”

தகடுகளின் இடுக்கெல்லாம் கொட்டலசு. படகின் அடியில் வெள்ளை வெள்ளையாக ஒட்டி வளருமே, அதுதான்.

“வாங்கும்போதே இருந்திருக்கும்” என்றேன்.

“ஆறு மாசம் முன்னாடி நான்தானே சுத்தம் பண்ணி மாட்டுனேன்? இம்புட்டு வளர ரெண்டு மாசமாச்சும் தண்ணிக்குள்ள கெடக்கணும்.”

ஒன்றைப் பெயர்த்து, டம்ளர் தண்ணீரில் உப்புக் கலந்து போட்டார். சிறிது நேரத்தில் அது வாய் திறந்து, மயிரிழை போன்ற கால்களை நீட்டித் தண்ணீரைத் துழாவியது.

“உசுரோட இருக்கு” என்றார், மெதுவாக.

காருக்கு ஒரே சாவி. ஆறு மாதமும் அது என் பீரோவில்தான் இருந்தது.

கூலரை மண்ணெண்ணெயில் கழுவி, காற்றடித்து மாட்டினார். ஓட்டிப் பார்க்கச் சொன்னேன்.

“நீங்க ஓட்டுங்கண்ணே. நான் இங்கனயே நிக்கேன்.”

ஆயில் இப்போது சூடாவதில்லை. வேலை சுத்தம். மகளிடம் பஸ்ஸில் போகலாம் என்று சொல்லிவிட்டேன்.

ஷெட்டுக்குப் புதுப் பூட்டு போட்டாயிற்று. நான்கு சக்கரத்துக்கும் கல் வைத்தாயிற்று. பாம்பன் பக்கம் யாரிடமாவது பழைய நங்கூரம் இருந்தால் சொல்லுங்கள். சின்னது போதும், இரண்டு பேர் உட்காரும் கார்தான்.