பாஸ்ட் பெர்ஃபெக்டுக்கு ஸ்பானிஷில் என்ன பெயர்

பதிப்பகத்தில் அவளை எல்லாரும் ஸ்பானிஷ்காரி என்றுதான் சொல்வார்கள். ஸ்பானிஷ் பேசும் பிள்ளைகளுக்காக ஆங்கில இலக்கணப் புத்தகங்களை மொழிபெயர்ப்பது அவள் வேலை. எழுதியதைத் திருத்துகிறவள் அவளுடைய நாத்தனார். வேலை வாங்கித் தந்தவளும் அவள்தான். அதை வாரத்துக்கு இரண்டு தரம் சொல்லிக்காட்டாவிட்டால் சாப்பாடு இறங்காது. குடியிருக்கும் வீடும் ஒன்று, வேலை பார்க்கும் அறையும் ஒன்று.

சண்டை, இலக்கணத்தில் வரும் காலங்களின் பெயரால் வந்தது. பாஸ்ட் பெர்ஃபெக்ட் என்பது 'போயிருந்தேன்' என்கிற காலம். ஸ்பானிஷ் இலக்கணத்தில் அதற்கு ப்ளுஸ்குவாம்பெர்ஃபெக்தோ என்று பெயர். அப்படியே எழுதியிருந்தாள். நாத்தனார் சிவப்புப் பேனாவால் அதை அடித்து, ப்ரெத்தேரித்தோ பெர்ஃபெக்தோ என்று மேலே எழுதினாள். வார்த்தைக்கு வார்த்தை பார்த்தால் சரிதான். ஆனால் அந்தப் பெயரை ஸ்பானிஷ்காரர்கள் 'போயிருக்கிறேன்' என்பதற்கு வைத்திருக்கிறார்கள்.

"அண்ணி, இது வேற காலம். பிள்ளைங்க குழம்பிப்போகும்."

"வாயில நுழையாத பேரை எந்தப் பிள்ளை படிக்கும்? சொன்னதைப் போடு."

போட்டாள். சிவப்பு மை பட்ட தாள்களை மட்டும் தூக்கிப் போடாமல் மேசைக்குள் வைத்துப் பூட்டினாள்.

புத்தகம் வந்த இரண்டாம் மாதம், ஒரே பெயரில் இரண்டு காலங்கள் இருக்கின்றனவே என்று ஆசிரியர்கள் காய்ச்சி எடுத்து எழுதினார்கள். முதலாளி கேட்டதும் நாத்தனார் கண் இமைக்காமல் தம்பி பெண்டாட்டி மேல் பழியைப் போட்டாள். ஸ்பானிஷ்காரி மேசைப் பூட்டைத் திறந்தாள். தாள்களைக் கொண்டுவந்து முதலாளி முன்னால் விரித்துவைத்தாள்.

விசாரணையை அவர் தள்ளிவைத்தார். முதலில், கடைகளிலிருந்து திரும்பி வந்த புத்தகம் மறுபடி கடைக்குப் போக வேண்டும். நாலாயிரம் பிரதிகளில் திருத்தச் சீட்டு ஒட்ட இருவரையும் ஒரே மேசையில் உட்காரவைத்தார். இதற்குள் அக்காவைக் காட்டிக்கொடுத்துவிட்டாள் என்று கணவனும் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்தியிருந்தான். எட்டு நாள் பசை டப்பா கைமாறியதே தவிர, ஒரு வார்த்தை மாறவில்லை. ஒன்பதாம் நாள் நாத்தனார் வாயைத் திறந்தாள்.

"உன்னை உள்ள கொண்டுவந்த கையை வெட்டிக்கணும்."

"இந்தச் சீட்டையெல்லாம் ஒட்டிட்டு வெட்டிக்குங்க, அண்ணி."

மறு வாரம் திருத்தும் வேலை ஸ்பானிஷ்காரிக்கு வந்தது. நாத்தனாரைப் பார்சல் பிரிவுக்கு மாற்றினார்கள். வீட்டில் அடுப்பு இரண்டானது. எந்த அடுப்புச் சோற்றைத் தின்றாலும் வம்பு என்று கணவன் வெளியே சாப்பிட்டுவிட்டு வர ஆரம்பித்தான்.