அக்கா ஓட்டத்தை நிறுத்திய வருடம்

எங்கள் அக்காவை ஆம்பூர் கல்லறைத் தோட்டத்தில் விட்டுவிட்டு வந்து ஓராண்டு ஆகிறது. இன்று ஜெபத்துக்கு வந்திருக்கும் உங்களுக்காக, உடன்பிறந்த தங்கை என்ற முறையில் அவரைப் பற்றி எழுதித் தரும்படி அக்காவின் கணவர், எங்கள் மாமா, கேட்டுக்கொண்டார். ஆறுதலாக எழுதுங்கள் என்றார் போதகர் ஐயா. பலமுறை முயன்றேன். ஆறுதல் வரவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அக்கா ஒடுகத்தூருக்கு மேற்கே, மலையடியில் உள்ள ஒரு சிற்றூரில் பிறந்தார். அப்பா நிலக்கடலை பயிரிட்டு வந்தார். நாங்கள் இரண்டு பெண்கள். பள்ளியில் விளையாட்டு ஆசிரியை அக்காவை நெடுந்தூர ஓட்டத்தில் சேர்த்துவிட, மாவட்டப் போட்டி வரை போய் வந்தார். அப்பா மாட்டுவண்டியிலிருந்து விழுந்து முதுகு ஒடிந்து படுத்ததும் அந்த ஓட்டம் நின்றது. பிளஸ் டூ முடித்த கையோடு அக்கா ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் சேர்ந்தார். நான் கல்லூரிக்குப் போனதும் ஆசிரியை ஆனதும் அவர் போட்ட தையலால்தான்.

மாமாவுக்குப் பேரணாம்பட்டில் தோல் பதனிடும் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. திருமணமாகி ஆம்பூரிலேயே குடித்தனம். ஒரு மகள், ஒரு மகன். நாங்கள் அத்தை என்று அழைக்கும் மாமாவின் தாயாரும் கூடவே இருந்தார். சர்க்கரை நோயில் அத்தையின் ஒரு காலை எடுக்க வேண்டியதாயிற்று. அன்று முதல் அவரைக் குளிப்பாட்டுவது, புண் துடைப்பது, நாற்காலியில் உட்கார வைப்பது எல்லாம் அக்காவின் வேலை. கம்பெனியில் அதற்குள் சூப்பர்வைசர் ஆகியிருந்தார்.

இத்தனைக்கும் நடுவில்தான் அவர் மறுபடி ஓடத் தொடங்கினார். கம்பெனியில் மகளிர் தினத்துக்கு ஓட்டப்பந்தயம் வைத்தார்கள். ஆள் குறைகிறது என்று இவர் பெயரையும் எழுதிவிட்டார்கள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடி, தன்னிலும் பதினைந்து வயது இளையவர்களைத் தாண்டி முதலில் வந்தார். அன்று மாலை எனக்குப் போன் செய்தார்.

“பாப்பா, காலு மறக்கல பாப்பா. நான்தான் மறந்துட்டேன்.”

அவர் குரலை அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன் கேட்டதில்லை. அடுத்த வாரமே என்னையும் கூட்டிக்கொண்டு பஜாருக்குப் போய் ஓடுவதற்கான ஷூ வாங்கினார். கடைக்காரர் விலை சொல்வதற்குள் ஷூவை வளைத்துப் பார்த்து, “இன்னா தையல் போட்டிருக்கான் பாரு” என்று என்னிடம் காட்டிச் சிரித்தார்.

நேரத்துக்கு எங்கே போவது? விடியற்காலையில் எழுந்து குக்கரை அடுப்பில் வைத்து, “மூணு விசில் வந்தா நிறுத்திடு” என்று மகளிடம் சொல்லிவிட்டு, இரண்டு தெரு தள்ளி இருக்கும் பள்ளி மைதானத்தைச் சுற்றி ஓடுவார். மாமாவுக்கு நைட் ஷிஃப்ட் என்றால் அத்தையை விட்டு அவ்வளவு தூரம் போக முடியாது. அப்போது வீட்டு வாசலிலிருந்து சர்ச் கேட் வரை, அந்தத் தெருவிலேயே முன்னும் பின்னுமாக ஓடுவார். ஏதாவது வேண்டுமென்றால் அத்தை கட்டில் கம்பியில் டம்ளரால் தட்டுவார். சத்தம் கேட்டதும் உள்ளே ஓடி, வேலையை முடித்துவிட்டு மறுபடி தெருவுக்கு வருவார்.

மாலையில் இன்னொரு வழி கண்டுபிடித்தார். கம்பெனி பஸ்ஸில் பையையும் டிபன் பாக்ஸையும் ஏற்றி அனுப்பிவிட்டு, தான் பின்னால் ஓடி வருவார். தெருமுனையில் மகள் நின்று பையை வாங்கிக்கொள்வாள்.

“பஸ்ஸுதான் இருக்குதே, எதுக்கும்மா இந்தப் பேஜாரு?” என்று டிரைவர் கேட்பாராம்.

“பஸ்ல உக்காந்தா அசந்து தூங்கிடறேண்ணே. ஓடுனா தெளிவா வீட்டுக்குப் போறேன்.”

ஞாயிற்றுக்கிழமைதான் நீண்ட ஓட்டம். பாலாற்றங்கரைப் பாதையில் போய்த் திரும்பி, குளித்து, ஈரத் தலையோடு ஆராதனைக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்காருவார். குடும்பப் பெண்ணுக்கு இது தேவையா என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. மாமா மட்டும், “அந்த நேரம் அவளுது. அதுல யாரும் கை வைக்காதீங்க” என்று சொல்லிவிட்டார். வேலூரில் நடந்த இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டத்தை அக்கா முடித்தபோது, முடிவுக்கோட்டில் பிள்ளைகளோடு நின்று மாமா அழுதார்.

அதன் பிறகு அவர் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்று: சென்னையில் நடக்கும் நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓட்டம். “இங்கிருந்து கிட்டத்தட்ட வேலூர் வரிக்கும் ஓடணும் பாப்பா” என்று, சொல்லும்போதே பயமும் ஆசையுமாகச் சிரிப்பார். ஒரு வருடம் முழுக்கத் தயார் செய்தார். போட்டிக்கு முந்தைய வாரம் அத்தை குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. அக்கா போகவில்லை. அதைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அத்தைதான் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்: “என்னாலதான்டி உனக்கு எல்லாம் கெட்டுப்போச்சு.” “அடுத்த வருஷம் ரோடு எங்கயும் போய்டாது அத்தை” என்றார் அக்கா.

அந்த அடுத்த வருடத்தில்தான் எல்லாம் மாறியது. வெயில்காலம் முடிந்து மீண்டும் பயிற்சியைத் தொடங்கியபோது, முன்பு சாதாரணமாகச் சுற்றி வந்த மைதானத்தில் பாதியிலேயே நின்றுவிட்டார். மூச்சு வாங்கியது. படிக்கட்டு ஏறுவதிலோ வீட்டு வேலையிலோ ஒன்றும் தெரியவில்லை. ஓடும்போது மட்டும் தெரிந்தது. தெருமுனை டாக்டர் பார்த்துவிட்டு, ரத்தம் கம்மியாக இருக்கிறது என்று மாத்திரை கொடுத்தார். “வேலூர்ல முழுசா டெஸ்ட் எடுத்துடலாம்கா, நான் லீவு போட்டுட்டு வர்றேன்” என்றேன். “ஷிப்மெண்ட் முடியட்டும் பாப்பா. அப்புறம் அத்தைக்கு டிரெஸ்ஸிங் மாத்தணும். அப்புறம் போலாம்.” ஒவ்வொரு முறையும் ஒரு ‘அப்புறம்’ இருந்தது. அவற்றில் ஒன்றுகூடப் பொய்க்காரணம் இல்லை.

கிறிஸ்துமஸுக்கு எல்லோரும் கூடியிருந்தபோது அக்கா மெலிந்திருந்ததைப் பார்த்துப் பேச்சு எழுந்தது. உறவில் மூத்த ஒரு அம்மா சொன்னார்: “ஓடி ஓடி ஒடம்பக் கெடுத்துக்கினே. ரெண்டு புள்ளைங்க இருக்குது. இத்தோட நிறுத்து.” இன்னொருவர், “தூக்கமும் இல்ல, சாப்பாடும் இல்ல, ஓட்டம் ஜாஸ்தி. ரத்தம் எங்கேருந்து ஊறும்?” என்றார். மாமாவும் பயந்துபோயிருந்தார். “கொஞ்ச நாளைக்கு விட்டுடேன்” என்று அவரே கேட்டதும் அக்கா தலையாட்டினார். யாரும் கெட்ட எண்ணத்தில் பேசவில்லை. எல்லோருக்கும் அவர்மேல் இருந்த பாசம்தான் பேசியது. அதை நினைக்கும்போது யார்மேலும் கோபப்படக்கூட வழியில்லாமல் போகிறது.

அவர் ஓட்டத்தை நிறுத்தினார். அதன்பின் மூச்சு வாங்கவில்லை. சமையல், அத்தை, பஸ், கம்பெனி, மறுபடி சமையல். இதில் மூச்சு வாங்க எதுவும் இல்லை. “பாத்தியா, ஓட்டத்த விட்டதும் சரியாப்போச்சு” என்று எல்லோரும் நிம்மதி அடைந்தோம். வயிற்றில் வலி வந்து, கம்பெனியில் மிஷின்மேல் சாய்ந்து விழுந்த பிறகுதான் வேலூருக்குக் கொண்டுபோனோம். குடலில் கட்டி. ஈரல் வரை பரவியிருந்தது. அந்தக் கட்டியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துதான் ரத்தம் குறைந்திருக்கிறது.

“மொதல்ல எப்பம்மா ஒடம்பு சரியில்லன்னு தெரிஞ்சது?” என்று அங்கே டாக்டர் அம்மா கேட்டார்.

“ஓடும்போது டாக்டர். கிரவுண்டுல பாதி சுத்துக்கே மூச்சு வாங்குச்சு. அதுக்கு முன்னாடி அப்படி வாங்குனதே இல்ல.”

“அது எவ்ளோ நாள் முன்னாடி?”

அக்கா சொன்னார். டாக்டர் அம்மா பேனாவைக் கீழே வைத்தார். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். அக்காவின் உடம்பு ஒரே ஒரு இடத்தில்தான் வாய் திறந்து பேசியிருக்கிறது. அந்த இடத்தைத்தான் நாங்கள் எல்லோரும் சேர்ந்து அடைத்திருக்கிறோம்.

மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டியது. கால்கள் குச்சியாயின. வார்டு வராந்தாவில் என் தோளைப் பிடித்து நடக்கும்போது ஒருநாள் சொன்னார்:

“நான் ஓடறத நிறுத்திட்டேன் பாப்பா. இது நிக்கலயே.”

அவர் குறைபட்டு நான் கேட்டது அந்த ஒரு முறைதான். மழை பெய்துகொண்டிருந்த ஒரு பிற்பகலில், மாமா கையைப் பிடித்திருக்க, அக்கா போய்விட்டார். கர்த்தர் சித்தம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு இன்னும் வாய் வரவில்லை. கர்த்தர் என்னை மன்னிக்கட்டும்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். ரத்தம் கொடுக்க ஒரு வேன் நிறைய வந்த தையல் பிரிவுப் பெண்களுக்கும், அக்காவின் பையை வருடக்கணக்கில் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்த டிரைவர் அண்ணனுக்கும், ஆஸ்பத்திரி நாட்களில் அத்தையைக் குளிப்பாட்டிவிட்ட பக்கத்து வீட்டு ஷகீலா அக்காவுக்கும், கடைசிவரை வந்து ஜெபித்த போதகர் ஐயாவுக்கும், வார்டு செவிலியர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அக்காவின் மகளுக்கு இப்போது பதினாறு வயது. விடியற்காலையில் அவள்தான் எழுந்து சமைக்கிறாள், பாட்டிக்கு டிரெஸ்ஸிங் மாற்றுகிறாள், தம்பியைப் பள்ளிக்கு அனுப்புகிறாள். அவளும் பள்ளியில் ஓடிக்கொண்டிருந்தவள். இந்த வருடம் பெயர் கொடுக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். “வேணாம் சித்தி. அம்மா ஓடித்தான செத்தாங்க? எல்லாரும் அதான் சொல்றாங்க” என்றாள்.

இந்த நினைவு மலரை வீட்டுக்கு எடுத்துப் போகும் உங்களிடம் கைகூப்பிக் கேட்கிறேன். அக்கா ஓடியதால் சாகவில்லை. அதை அந்தப் பிள்ளையிடம் யாராவது சொல்லுங்கள். நான் சொல்லிப் பார்த்துவிட்டேன். அவள் நம்பவில்லை.