எண்ணெய் டப்பாவின் மூன்றாவது கோடு

பூவரசனுக்குக் கை சும்மா இருக்காது. அவனைப் பெற்றவளே அப்படித்தான் சொல்வாள். தன் கல்யாணத்தன்று ஜெனரேட்டர் இருமி இருமி நின்றபோது, கழுத்தில் மாலையோடு மணவறையிலிருந்து எழுந்துபோய் அதன் கார்புரேட்டரைக் கழற்றியவன் அவன். முகூர்த்தம் முடிய எட்டு நிமிடம் இருக்கையில் கரிபடிந்த கையோடு வந்து உட்கார்ந்து தாலி கட்டினான். மஞ்சள் கயிற்றில் ஒரு கறுப்புக் கறை வெகுநாள் போகவில்லை என்று அவன் மனைவி இளவரசி இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள்.

சொந்த ஊர் கண்டாச்சிபுரம் பக்கம். ஐ.டி.ஐ. படித்துவிட்டு ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் வேலைக்குச் சேர்ந்தான். பதினாறு வருடம் தினமும் விடிகாலை ஐந்து நாற்பதுக்குத் திண்டிவனத்தில் கம்பெனி வேன் ஏறினான். அங்கே எந்த மெஷின் நின்றாலும் பூவரசனைத்தான் கூப்பிடுவார்கள். ஓடுகிற மெஷினையும் அவன் திறந்து பார்ப்பான் என்பதுதான் மேலதிகாரி அலெக்ஸுக்கு இருந்த ஒரே தலைவலி.

அப்படிப்பட்டவன் கண்ணில் போன வருடம் அம்பத்தூரில் மூடிக்கிடந்த ஒரு பட்டறையின் சி.என்.சி. மில்லிங் மெஷின் பட்டது. கம்ப்யூட்டர் சொல்லும் அளவுக்குத் தானாக நகர்ந்து இரும்பைக் குடையும் மெஷின். முப்பது வயது. உடம்பு கருங்கல், மூளை மட்டும் செத்துப்போயிருந்தது. காயலான் கடைக்காரர்கள் எடைக்குக் கேட்டுக்கொண்டிருந்ததை இவன் தூக்கிக்கொண்டு வந்து, பிரம்மதேசம் சாலையில் மல்லாட்டை மூட்டை அடுக்கிவைத்த ஒரு ஷெட்டில் இறக்கினான். ஷெட்டின் மூலைகளில் இன்னும் வேர்க்கடலைத் தோல் பறந்துகொண்டிருந்தது.

கம்பெனியில் ஆறு மாதம் சம்பளமில்லாத விடுப்பு. அதற்குள் மெஷினுக்கு உயிர் கொடுத்து, நிலையாக வேலை தரும் ஒரு ஆளையாவது பிடித்துவிட வேண்டும். முடியாவிட்டால் மெஷின் காயலான் கடைக்கு, அவன் பழையபடி வேனுக்கு. இளவரசி ஒன்றும் மிரட்டவில்லை. சூடம் ஏற்றி, அதைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்தவன் அவனேதான்.

முதல் இரண்டு மாதம் சுரண்டியே கழிந்தது. மெஷினின் மேசை வழுக்கி ஓடும் இரும்புத் தடங்களில் நீல மை தடவி, மை ஒட்டுகிற மேட்டை மட்டும் உளியால் சுரண்டி, மறுபடி தடவி, மறுபடி சுரண்டி, கண்ணாடி வைத்தாற்போலச் சமமாக்கினான். பிறகு பழைய மோட்டார்களைக் கழற்றிப் புதிதாக சர்வோ மோட்டார், அவற்றை ஓட்டும் டிரைவ், செத்த மூளைக்குப் பதில் ஒரு கம்ப்யூட்டர். கருகிப்போன வயரையெல்லாம் உருவிப் புது வயர் இழுத்தான். ஒரு வேலை முடிவதற்குள் அடுத்த வேலைக்குத் தாவினான். சாப்பிடும்போதும் வலது கால் ஆடிக்கொண்டே இருந்தது.

இளவரசிக்கு அவன் கொடுத்த வேலை ஒன்றே ஒன்று. தடங்களுக்கு எண்ணெய் அனுப்ப மெஷினின் பின்பக்கம் ஒரு சின்ன பம்ப் உண்டு. அதன் பிளாஸ்டிக் டப்பாவில் எண்ணெய் குறைந்தால் ஊற்ற வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் பால் சொசைட்டியில் அளந்து எழுதிய பெண் அவள். குறைந்தால் ஊற்று என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் அவளுக்குப் போதாது. தினமும் காலையில் ஷெட்டைத் திறந்ததும், எண்ணெய் நிற்கும் மட்டத்தில் டப்பாவின் மேல் நகப்பூச்சால் ஒரு சிவப்புக் கோடு போடுவாள். புதிதாக ஊற்றினால் பழைய கோடுகளைத் துடைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவாள். அவன் அதைக் கவனித்ததுகூட இல்லை.

விடுப்பு முடிய ஒரு வாரம் இருந்தபோதுதான் நல்ல காலம் எட்டிப்பார்த்தது. விழுப்புரத்தில் மல்லாட்டை உடைக்கும் மெஷின் செய்து விற்கும் சக்கரபாணி, பேரிங் உட்காரும் இரும்புக் கூடு ஐந்து செய்து காட்டச் சொன்னார். ஐந்திலும் துளை ஒரே அளவாக, சுத்த வட்டமாக இருந்தால் மாதாமாதம் வேலை தருவதாகப் பேச்சு. சனிக்கிழமை காலை நேரில் வந்து அளப்பார். திங்கட்கிழமை கம்பெனியில் பூவரசன் கையெழுத்துப் போட வேண்டிய நாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் முதல் கூடு வந்தது. அளந்து பார்த்தான். தங்கம். தலைமுடியில் பாதிகூடப் பிசகவில்லை. வேறொருவனாக இருந்தால் மெஷினைக் கும்பிட்டுவிட்டு மீதி நாலையும் அப்படியே ஓட்டியிருப்பான்.

நம்ம ஆள் புதன்கிழமை காலை மெஷினைத் திறந்தான். இன்னும் கொஞ்சம் சீராக ஓடட்டுமே என்று டிரைவில் நாலு அளவை மாற்றினான். பெல்ட்டை இறுக்கினான். கம்ப்யூட்டரில் புது சாஃப்ட்வேர் ஏற்றினான். கை அதோடும் அடங்கவில்லை. கரண்ட் உள்ளே வரும் மெயின் பெட்டியைத் திறந்து பார்த்தான். ஷெட்டுக்கு முதலில் வயர் இழுத்த ஆள், கையில் கிடைத்த வயரைக் கிடைத்த இடத்தில் முறுக்கியிருந்தான். சிவப்பு, நீலம், மஞ்சள் என்று வரிசை தப்பியிருந்தது. பதினாறு வருடம் தொழிற்சாலையில் பழகிய கண்ணுக்கு அது சகிக்குமா? கழற்றி, சிவப்பு, மஞ்சள், நீலம் என்று ஒழுங்காக மாட்டினான். பெட்டியை மூடும்போது மனசுக்கு நிறைவாக இருந்தது.

புதன் மதியம் ஓட்டிய கூட்டில் வட்டம் முட்டையாக இருந்தது.

சரி, டிரைவ்தான் என்று மாற்றிய அளவுகளைத் திருப்பி வைத்தான். முட்டை மாறவில்லை. பெல்ட்டைத் தளர்த்தினான், பழைய சாஃப்ட்வேரை ஏற்றினான். வியாழக்கிழமை மோட்டாரைக் கழற்றி மாட்டினான். மேசை ஒரு நூல் நகரும், தயங்கும், பிறகு வெடுக்கென்று குதிக்கும். மெயினில் மீட்டர் வைத்துப் பார்த்தான். மூன்று லைனிலும் கரண்ட் சரியாக வந்தது. எண்ணெய் பம்ப்மீது காதை வைத்தான். மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. பழைய மெஷினில் எண்ணெய் அழுத்தம் குறைந்தால் எல்லாவற்றையும் நிறுத்திவிடும் சுவிட்ச் ஒன்று இருந்தது. துருப்பிடித்து அது சும்மா சும்மா நிறுத்தியதால், அதன் இரண்டு வயரையும் சேர்த்து முறுக்கி, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று முன்பே விட்டிருந்தான். அது இப்போது அவன் நினைவிலேயே இல்லை.

ஒரே நாளில் நாலு இடத்தில் கைவைத்தவனுக்கு எது கெடுத்தது என்று எப்படித் தெரியும்? வெள்ளிக்கிழமை காலையில் நாலாவது முட்டையும் வந்தது. அலெக்ஸ் போன் செய்தார். திங்கட்கிழமை வருகிறாயா, இல்லை வேறு ஆள் போடட்டுமா என்று கேட்டார். சாயங்காலம் சொல்கிறேன் என்றான். பயந்துபோயிருந்தான் என்பதுதான் உண்மை. மெஷின் போவதைவிட, சூடம் அணைத்த கையோடு இளவரசி முன்னால் நிற்பதை நினைத்துத்தான் அந்தப் பயம்.

மதியம் இளவரசி கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும் கொண்டுவந்தாள். சாப்பிடும் ஆளாக அவன் இல்லை. டிரைவ் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு, விற்றவன் ஏமாற்றிவிட்டான், புது டிரைவ் வரவழைக்க நாலு நாளாகும், எல்லாம் முடிந்தது என்று புலம்பினான். அவள் பின்பக்கம் போனாள். திரும்பி வந்து, சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தபடியே சொன்னாள்:

"என்னாங்க, உங்க மெஷினு மூணு நாளா எண்ணெய் குடிக்கல."

"டப்பா நிறைய இருக்குதே. பார்த்துகினுதான இருக்கிறேன்."

"நிறைய இருக்குது. அதத்தான் சொல்றேன். குறையவே இல்ல. வந்து கோட்டப் பாருங்க."

போய்ப் பார்த்தான். திங்கட்கிழமை ஒரு கோடு. அதற்கு ஒரு விரல்கடை கீழே செவ்வாய்க்கிழமைக் கோடு. இன்னொரு விரல்கடை கீழே புதன்கிழமைக் கோடு. அதற்குக் கீழே ஒன்றுமில்லை. வியாழனும் வெள்ளியும் அதே மட்டத்தில் மேலேமேலே பூசியதில், மூன்றாவது கோடு மட்டும் தடித்துக் கிடந்தது.

"பம்பு ஓடுதே," என்றான்.

"எங்கப்பா கொல்லியில மோட்டாரு ஓடும், தண்ணி வராது. அன்னிக்கி நீங்கதான வந்து சரிபண்ணீங்க. என்னா பண்ணீங்க?"

மாமனார் கொல்லையில் மட்டுமா? கண்டாச்சிபுரம் சுற்றுவட்டத்தில் எத்தனை கிணற்றடியில் உட்கார்ந்து இதே கோளாறைத் தீர்த்திருக்கிறான். வயர் வரிசை மாறினால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். சத்தம் வரும், தண்ணீர் ஏறாது. எந்த இரண்டு வயரையாவது இடம் மாற்றிப் போட்டால் தீர்ந்தது. சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். டிரைவில் ஓடும் புது மோட்டார்களுக்கு வரிசை ஒரு பொருட்டில்லை. நேரடியாகக் கரண்டில் ஓடிய ஒரே ஒரு பழைய பம்ப், புதன்கிழமையிலிருந்து பின்பக்கமாகச் சுற்றி, ஒரு சொட்டு எண்ணெயையும் மேலே அனுப்பாமல் கிடந்தது. காய்ந்த தடத்தில்தான் மேசை தயங்கித் தயங்கிக் குதித்தது. நிறம் தப்பியிருந்தபோது சரியாகச் சுற்றிய பம்ப் அது. அவன்தான் ஒழுங்குபடுத்தினான்.

பம்ப் பக்கத்திலேயே இரண்டு வயரை மாற்றிப் போட்டுவிட்டு, மெயின் பெட்டியில் நிறத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம். கை அதற்குத்தான் முதலில் போனது. அப்புறம் நின்றான். புதன்கிழமை மாற்றியதை மாற்றிய இடத்திலேயே திருப்பிவைப்பது என்று முடிவு செய்து, மெயினை அணைத்துவிட்டுப் பெட்டியைத் திறந்தான். சிவப்பு, நீலம், மஞ்சள்.

பத்து நிமிடத்தில் தடங்களில் எண்ணெய் வியர்வை போலக் கசிந்தது. மேசையை ஒரு கோடிக்குத் தள்ளி டார்ச் அடித்துப் பார்த்தான். இரண்டு மாதம் சுரண்டிச் சமமாக்கிய தடத்தில், ஒரு சாண் நீளத்துக்குக் கீறல். மூன்று நாள் எண்ணெயில்லாமல் ஓட்டியதற்குக் கூலி. விரலால் தடவினான். இளவரசியும் குனிந்து தடவிப் பார்த்தாள்.

"ஓடுமா?" என்றாள்.

"ஓடும். ஆனா இது போவாது."

"இருக்கட்டும். மொதல்ல சாப்பிடுங்க."

சாயங்காலத்துக்குள் மீதி நாலு கூடும் ஓடின. அலெக்ஸுக்கு அவன் போன் செய்யவில்லை. அவரும் விட்டுவிட்டார்.

சனிக்கிழமை சக்கரபாணி வந்தார். அறுபது வயது, சட்டைப்பையில் கண்ணாடியும் அளக்கும் கருவியும். ஐந்து கூட்டையும் துடைத்து, ஒவ்வொரு துளையிலும் மூன்று பக்கம் வைத்து அளந்தார். அந்த அரைமணி நேரத்தில் பூவரசன் ஷெட்டுக்குள் எத்தனை நடை நடந்தான் என்று கணக்கில்லை. கடைசிக் கூட்டைக் கீழே வைத்துவிட்டு, அடுத்த மாதத்துக்கு நாற்பது வேண்டும் என்றார் அவர். இளவரசி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு டீ ஊற்றினாள்.

டீயைக் குடித்தபடி ஷெட்டைச் சுற்றிப் பார்த்த சக்கரபாணி, மூடாமல் கிடந்த மெயின் பெட்டி முன்னால் நின்றார்.

"இன்னா தம்பி, இம்மா வேலை பண்ணிட்டு வயரு கலர இப்டி மாத்தி வச்சிகினு இருக்கிற. பார்க்க அசிங்கமா இருக்குது. கரெக்ட் பண்ணிடு."

பூவரசன் கை தானாக டெஸ்டரைத் தேடிச் சட்டைப்பைக்குப் போயிற்று. இளவரசி டீ டம்ளரோடு வந்து, பெட்டியின் கதவைச் சாத்தி, அதன்மேல் சாய்ந்து நின்றுகொண்டாள்.

"அது அப்டியே இருக்கட்டும் ஐயா," என்றாள். "அதுக்கு ஒரு கதை இருக்குது."

அவர் போனதும் அலெக்ஸைக் கூப்பிட்டு, வரவில்லை சார், வேறு ஆள் போட்டுக்கொள்ளுங்கள் என்றான். பதினாறு வருடத்துக்கு அந்த ஒரு வாக்கியம் போதுமாயிருந்தது.

திங்கட்கிழமை ஐந்து மணிக்கே விழிப்பு வந்துவிட்டது. வேன் வரும் நேரம் நெருங்க நெருங்கப் படுக்கை கொள்ளவில்லை. எழுந்து ஷெட்டுக்குப் போனான். ஐந்து நாற்பது ஆயிற்று. மெயின் பெட்டியில் ஒரு சின்னப் பூட்டுத் தொங்கியது. சாவி எங்கே என்று அவனுக்குச் சொல்லப்படவில்லை. பின்பக்கம் போய்க் குனிந்தான். எண்ணெய், தடித்த கோட்டுக்கு ஒரு விரல்கடை கீழே நின்றது. சனிக்கிழமைப் பரபரப்பில் இளவரசி கோடு போட மறந்திருந்தாள்; ஞாயிறு ஷெட்டைத் திறக்கவில்லை. பம்ப் மேல் வைத்திருந்த நகப்பூச்சைத் திறந்து, அந்த மட்டத்தில் பார்த்துப் பார்த்து ஒரு கோடு போட்டான். பிறகு வேறு எதையும் தொடாமல், அவள் வரும்வரை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். வலது கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.