அன்றைக்கு வெயில் அடித்தது

எங்கள் ஊரில் ஒருவர் மிஸ்ட்டு என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் அவரைக் கேட்கக் கூடாது. மூடுபனியை இங்கே எல்லோரும் மிஸ்ட்டு என்றுதான் சொல்வோம். கல்யாணத்துக்கு ஏன் வரவில்லை என்றால் மிஸ்ட்டு. தைக்கக் கொடுத்த ரவிக்கை ஏன் இன்னும் ஆகவில்லை என்றால் மிஸ்ட்டு. போன் அடித்தேனே, ஏன் எடுக்கவில்லை என்றால் அதற்கும் மிஸ்ட்டுதான். மூடுபனிக்கும் போனுக்கும் என்ன சம்பந்தம் என்று கீழே சமவெளியிலிருந்து வந்தவர்கள் கேட்பார்கள். நாங்கள் கேட்க மாட்டோம். வர மனமில்லை, முடியவில்லை, உங்கள் மூஞ்சியைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்பதையெல்லாம் யாருக்கும் வலிக்காமல் சொல்ல எங்களிடம் இருக்கும் ஒரே வார்த்தை அது. கேட்பவரும், "ஆமாங்க, நேத்துக் கைய நீட்டுனாக் கை தெரியலைங்க" என்று தலையாட்டிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார். நேற்று பளிச்சென்று வெயில் அடித்திருந்தாலும் அப்படித்தான்.

இதை ஒரு நல்ல பழக்கம் என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன்.

கோத்தகிரிக்குக் கீழே, பஸ் திரும்பி நிற்க மட்டும் இடம் உள்ள ஒரு கடைவீதியில் நான் தையல் கடை வைத்திருக்கிறேன். எதிரே டீக்கடை. அதை ஒட்டி ஆட்டோ ஸ்டாண்டு. கொஞ்சம் மேலே, சிறு தோட்டக்காரர்கள் தேயிலைக் கொழுந்தை எடை போட்டு வண்டியில் ஏற்றும் ஷெட். அதற்கும் மேலே போலீஸ் ஸ்டேஷனும் காவலர் குடியிருப்பும். இவ்வளவுதான் ஊர். இதற்குள் யார் வீட்டில் என்ன குழம்பு என்பதுகூட எல்லோருக்கும் தெரியும்.

என் தம்பி கொழுந்து வண்டி ஓட்டினான். பறித்த தேயிலை சாக்கில் அடைந்து கிடந்தால் உள்ளுக்குள்ளே சூடேறிச் சிவந்து போகும். சிவந்த இலையை ஃபேக்டரியில் தொட மாட்டார்கள். அதனால் கொழுந்து வண்டிக்காரன் எப்போதும் அவசரக்காரன். மற்றபடி என் தம்பி சண்டைக்காரன் இல்லை. எங்கள் வீட்டுக் கோபம் முழுவதும் எனக்கே வந்துவிட்டது என்று அம்மா சொல்வார்.

அது தூறலும் ஈரமுமாகப் பல வாரங்கள் போன பின் ஒரு காலை. வெயில் வந்தது. எங்கள் மலையில் மழைக்காலத்து வெயில் என்றால் என்ன என்பதைக் கீழே இருப்பவர்களுக்குச் சொல்லிப் புரிய வைக்க முடியாது. அடுப்பில் இருப்பதை இறக்கி வைத்துவிட்டுத் துணி துவைப்பார்கள். வேலைக்கு லீவு போட்டுத் துவைப்பவர்களும் உண்டு. கம்பளி, போர்வை, பள்ளிக்கூடச் சட்டை, மெத்தை உறை எல்லாம் வேலியிலும் தேயிலைச் செடிகளின் தலையிலும் விரிந்து கிடக்கும். அன்றைக்கும் அப்படித்தான் கிடந்தன. காவலர் குடியிருப்புச் சுவர் நெடுகக் காக்கிச் சட்டைகள் காய்ந்தன. என் கடை வாசலில் நின்றே பார்த்தேன்.

போலீஸ் ஜீப் டீக்கடைக்கு முன்னால் வளைவில் நடுரோட்டில் நின்றது. எஸ்.ஐ. முன் சீட்டில் உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தார். தம்பி லோடு ஏற்றிக்கொண்டு மேலேயிருந்து வந்தான். நின்றான். காத்திருந்தான். பிறகு ஹாரன் அடித்தான். ஜீப் நகரவில்லை. மறுபடியும் அடித்தான். அவன் செய்த குற்றம் அவ்வளவே.

எஸ்.ஐ. இறங்கி வந்து வண்டிக் கதவைத் திறந்து, காலரைப் பிடித்து இழுத்துக் கீழே போட்டார். எழுந்தவனைக் கன்னத்தோடு காதையும் சேர்த்து அறைந்தார். ஒன்றல்ல, பல. டீக்கடைப் படியில் விழுந்தவனை லத்தியால் முதுகிலும் காலிலும் அடித்தார். "எனக்கே ஹாரனா" என்பதைத் தவிர வேறு எதுவும் அவர் பேசியதாக நினைவில்லை. நான் ஓடினேன். "எந்தம்பிங்க சார், உட்ருங்க சார்" என்று கத்தினேன். ஒரு கான்ஸ்டபிள் லத்தியைக் குறுக்கே வைத்து என்னைத் தடுத்தார். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

எஸ்.ஐ. போட்டிருந்த சட்டை நான் கை குறைத்துக் கொடுத்தது. அந்தக் கையின் அளவு எனக்குத் தெரியும்.

தம்பியை ஸ்டேஷனுக்கு இழுத்துப் போனார்கள். சாயங்காலம் விட்டார்கள். கொழுந்து அதுவரை நடுவெயிலில் கிடந்து வெந்துவிட்டது. அவன் சட்டையில் காதிலிருந்தும் மூக்கிலிருந்தும் வழிந்த ரத்தம் காய்ந்திருந்தது. கீழே விழுந்துவிட்டேன் என்று சொல்லச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். டீக்கடைக்காரர்தான் முதலில் ஓடி வந்து அவனுக்குச் சுடுதண்ணீர் கொடுத்தார். "இந்த அநியாயத்த உடக் கூடாது அம்மிணி. நாங்க அத்தன பேரும் பாத்தமில்ல" என்றார். ஆட்டோக்காரர்களும் அதையே சொன்னார்கள். அவர்களில் ஒருவர் போனில் படம்கூட எடுத்திருந்தார். நான் நம்பினேன். அத்தனை பேர் பார்த்த ஒன்றை யார் இல்லை என்று சொல்ல முடியும் என்று நினைத்தேன்.

மறுநாளும் வெயில் அடித்தது. தம்பி பெண்டாட்டி அந்தச் சட்டையைத் துவைத்துவிட்டாள்.

கோத்தகிரியில் நாங்கள் பார்த்த வக்கீல் கோயமுத்தூர்க்காரர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்தச் சட்டை இருக்குங்களா" என்றார். அவள் என்னைப் பார்த்தாள். "தொவச்சுப் போட்டனுங்க. வெயிலு வந்துச்சுங்க" என்றாள். வக்கீல் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்தார். ரத்தச் சட்டையை யாராவது துவைப்பார்களா என்று அந்தப் பார்வை கேட்டது. எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "எங்கூர்ல வெயில் வந்தா ரத்தமென்ன, எதுவா இருந்தாலும் தொவைப்பாங்க சார். அடுத்த வெயில் எப்போன்னு உங்களுக்குத் தெரியுமா" என்றேன். அவர் பேனாவை எடுத்து மறுபடி எழுதத் தொடங்கினார். பஸ்ஸில் வரும்போது அவள் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள். "கறை போவணும்னு சோப்பு ரெண்டு தடவ போட்டேன் நங்கையா" என்றாள். நாத்தனாரான என்னை அவள் நங்கையா என்றுதான் கூப்பிடுவாள்.

ஆட்டோக்காரரின் போன் அதற்குள்ளேயே ஸ்டேஷனுக்குப் போய்த் திரும்பியிருந்தது. அதில் படம் எதுவும் இல்லை. மகளின் பிறந்தநாள் போட்டோக்களும் சேர்ந்து போய்விட்டன என்றுதான் அவர் என்னிடம் வருத்தப்பட்டார்.

தம்பிக்கு இடது காதில் செவிப்பறை கிழிந்திருந்தது. அவன் பயந்துகொண்டு ஆஸ்பத்திரிக்குத் தாமதமாகவே போனான். அடியால் கிழிந்ததா, பழைய சீழால் கிழிந்ததா என்று இனி உறுதியாகச் சொல்வது கஷ்டம் என்றார் டாக்டர். கேட்பது குறைந்தால் உட்கார்ந்து தைக்கிற எனக்கு ஒன்றும் ஆகாது. மலையில் வண்டி ஓட்டுகிறவனுக்கு அப்படி இல்லை. மூடுபனி இறங்கிவிட்டால் கண்ணுக்கு வேலை இல்லை. ஜன்னலை இறக்கிவிட்டுக் காதை வெளியே வைத்துத்தான் ஓட்ட வேண்டும். எதிர் வளைவில் வருகிறவனின் ஹாரன் எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்று கேட்டுத்தான் ஒதுங்க வேண்டும். ஒற்றைக் காதுக்குத் திசை தெரியாது. ஒரு நாள் வளைவில் பஸ் மேல் போய் மோதப் பார்த்தான். வண்டியை ஓரங்கட்டி நிறுத்தி, சாவியை உரிமையாளரிடம் கொடுத்துவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தான். ஹாரன் அடித்ததற்காக அடி வாங்கியவன் ஹாரன் கேட்காமல் வேலையை விட்டான். இப்போது ஷெட்டில் சாக்கு தூக்குகிறான்.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். அந்த ஆள் அடித்தார் என்று யாராவது ஒரு பெரிய மனிதர் உரக்கச் சொல்ல வேண்டும். ஜெயிலுக்கெல்லாம் அனுப்ப முடியும் என்று கனவு காணவில்லை. அடித்தது உண்மை என்று ஒரு வாய் சொன்னால் போதும் என்றிருந்தேன். மேலே மேலே மனுப் போட்டு, குன்னூருக்கும் ஊட்டிக்கும் பஸ் ஏறி, வராந்தாக்களில் நின்று கால் வீங்கி, கடைசியில் விசாரணை என்று ஒன்று வந்தது. விசாரிக்க வந்தவர் வேறு மாவட்டத்துக்காரர், மரியாதையான மனிதர். பஞ்சாயத்துக் கட்டடத்தில் மேசை போட்டு உட்கார்ந்தார். ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நடுங்கினார்.

நாங்கள் எல்லோரும் வெளியே பெஞ்சில் காத்திருந்தோம். கதவு திறந்தே இருந்ததால் உள்ளே பேசுவது கேட்டது. முதலில் டீக்கடைக்காரர் போனார். எஸ்.ஐ. அந்தப் பையனை அடித்ததைப் பார்த்தீர்களா என்று அதிகாரி கேட்டார்.

"ஏனுங்க சார், அன்னைக்கு ஒரே மிஸ்ட்டுங்க" என்றார் டீக்கடைக்காரர். "சத்தம் கேட்டுச்சுங்க. யாரு, என்னன்னு தெரியலைங்க."

எனக்கு முதலில் புரியவில்லை. வேறு ஏதோ நாளைச் சொல்கிறார் என்று நினைத்தேன். பிறகு ஆட்டோக்காரர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். மிஸ்ட்டு. ஷெட்டில் எடை போடுகிறவர் போனார். மிஸ்ட்டு. அன்றைக்கு என் கடைக்கு எதிரிலேயே கம்பளி காயப்போட்டுக்கொண்டிருந்த வயதான அம்மா ஒருவர் போனார். அவரும் மிஸ்ட்டு என்றார். யாரும் என் தம்பி பொய் சொல்கிறான் என்று சொல்லவில்லை. அவன் நல்ல பையன் என்றே ஆளுக்கு ஆள் சொன்னார்கள். போலீஸ் அடிக்கவில்லை என்றும் சொல்லவில்லை. யார் மனமும் நோகாமல், கல்யாணத்துக்கு வராததற்குச் சொல்வது போலச் சொல்லிவிட்டு, வெளியே வந்து என்னிடம் "சாப்பிட்டயா அம்மிணி" என்று கேட்டார்கள்.

என் முறை வந்தபோது கொதித்துப் போயிருந்தேன். அன்றைக்கு மூடுபனி இல்லை, வெயில் அடித்தது, ஊர் முழுக்கத் துணி காய்ந்தது, காவலர் குடியிருப்புச் சுவரில் காக்கிகூடக் காய்ந்தது என்றேன். என் தம்பி பெண்டாட்டி சட்டையைத் துவைத்ததே வெயில் வந்ததால்தான் என்றேன். அதிகாரி பொறுமையாகக் கேட்டார். "நீங்க கூடப் பிறந்தவங்கம்மா. உங்க வருத்தம் புரியுது" என்றார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். வெளியே மூடுபனி கொட்டிக்கிடந்தது. எதிரே நின்ற பஸ்கூடத் தெரியவில்லை. "வெயில் அடிச்சதுக்கு யாரும்மா சாட்சி?" என்றார். கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டார். நான் பெஞ்சில் இருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று சாயங்காலம் டீக்கடைக்குப் போய், "ஏனுங்க இப்பிடிப் பண்ணுனீங்க" என்று கேட்டேன். அவர் பால் ஆற்றிக்கொண்டே சொன்னார். "கட போலீசு ரோட்டுல இருக்குது அம்மிணி. உந்தம்பிக்கு எதிரா ஒரு வார்த்த சொன்னனா? இல்லையில்ல." தம்பிக்குத் துரோகம் செய்யவில்லை என்று அவர் மனதார நம்பினார். அவரோடு சண்டை போடலாம் என்றுதான் போனேன். அந்த நம்பிக்கையைப் பார்த்ததும் திரும்பி நடந்துவிட்டேன்.

மூடுபனி காரணமாக நடந்ததை உறுதி செய்ய இயலவில்லை என்று விசாரணை முடிந்தது. எஸ்.ஐ. வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். அது தண்டனையா, வழக்கமான மாற்றலா என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. போகும்போது கடைவீதியில் சிலர் அவருக்குச் சால்வை போட்டார்கள்.

வக்கீல் கோர்ட்டுக்குப் போகலாம் என்றார். பாதிக்கப்பட்டவன் வந்து சொல்ல வேண்டும், அவன் உறுதியாக நின்றால் ஏதாவது செய்து பார்க்கலாம் என்றார். அவர் குரலில் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனாலும் அடுத்த நாள் காலையில் தம்பி வீட்டுக்குப் போனேன். வெகுநாள் கழித்து அன்றைக்கு வெயில் வந்திருந்தது. வாசலில் அவனும் அவளும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துப் போர்வை பிழிந்துகொண்டிருந்தார்கள். அவன் இடது பக்கம் நின்று பேசினால் கேட்காது என்பதால் சுற்றிக்கொண்டு போய் வலது பக்கம் நின்றேன்.

"வக்கீல் வரச் சொல்றாரு. அன்னைக்கு நடந்தத அப்பிடியே நீ சொன்னாப் போதும்" என்றேன்.

அவன் போர்வையைச் செடியின் மேல் விரித்து, சுருக்கத்தை இழுத்துவிட்டான். பிறகு என் முகத்தைப் பார்த்தான்.

"அன்னைக்கு மிஸ்ட்டுக்கா" என்றான். "எனக்கே ஒண்ணும் தெரியலைக்கா."

வாளியில் இன்னும் துணி இருந்தது. நான் அவனை வேறு எதுவும் கேட்கவில்லை. "ஆமா சாமி, கைய நீட்டுனாக் கை தெரியல" என்று சொல்லிவிட்டு, ஒரு சட்டையை எடுத்து உதறிக் காயப்போட்டேன்.