எலிகள் செத்த பிறகு வந்த காய்ச்சல்

திருமயத்துக்குத் தெற்கே ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் மருத்துவராகச் சேர்ந்து ஓராண்டு ஆகியிருந்தது. பொங்கலும் அறுவடையும் முடிந்து ஊர் கொஞ்சம் ஓய்ந்திருந்த நேரம். காலையில் வரும் நோயாளிகளில் ஒரே மாதிரியான காய்ச்சல் திரும்பத் திரும்ப வருவதை அப்போதுதான் கவனித்தேன். சளி இல்லை, இருமலும் பெரிதாக இல்லை. மண்டையைப் பிளக்கிற வலி, அடித்துப் போட்டாற்போல உடம்பு, இறங்காத சூடு. டெங்கு பரிசோதனை செய்தால் இல்லை. மலேரியாவும் இல்லை. டைபாய்டாக இருக்கும் என்று மருந்து கொடுத்தவர்களுக்கும் காய்ச்சல் அசையவில்லை.

அவர்களில் ஒருவர் மூட்டை தூக்குகிறவர். திடமான ஆள். முதல் தடவை தானாக நடந்து வந்தவர், பிறகு வந்தபோது மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். சட்டையைக் கழற்றச் சொல்லி ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்திப் பார்த்தேன். மார்பிலும் வயிற்றிலும் மங்கலான சிவப்புப் புள்ளிகள். கறுத்த மேனியில் அவை சட்டென்று கண்ணில் படாது. குழல்விளக்கின் கீழே பார்த்திருந்தால் எனக்கும் தெரிந்திருக்காது.

எங்கள் பக்கத்தில் உண்ணிக் காய்ச்சல் புதிதல்ல. ஆடு மேய்க்கிறவர்களுக்கும் விறகு வெட்டப் போகிறவர்களுக்கும் வரும். கடித்த இடத்தில் பீடியால் சுட்டதுபோல ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கும். அதைத் தேடினேன், இல்லை. காட்டுப் பக்கம் போனீர்களா என்று கேட்டேன்.

"எனக்கு எங்கிட்டுங்க நேரம்? வீட்ட விட்டா குடோன், குடோன விட்டா வீடு" என்றார்.

அந்தப் பதில் என் மனதில் தங்கிவிட்டது. உண்ணிக் காய்ச்சலுக்கு அண்ணன் தம்பி போல இன்னொரு காய்ச்சல் உண்டு. படிக்கும்போது ஒரு பத்தியில் கடந்து போனது. எலியின் ரோமத்துக்குள் ஓடித் திரியும் தெள்ளுப்பூச்சி அதைப் பரப்பும். காட்டுக்குப் போக வேண்டியதில்லை, எலி இருக்கிற வீடு போதும். இரண்டு காய்ச்சலுக்கும் ஒரே மாத்திரைதான். அதை அன்றே தொடங்கினேன். ரத்த மாதிரியைப் புதுக்கோட்டை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பிவைத்தேன். இரண்டு நாளில் அவர் சைக்கிளை மிதித்துக்கொண்டு தனியாக வந்தார். பசிக்கிறது என்று சொன்னார். அந்த ஒரு சொல்லைக் கேட்டு நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது அவருக்கு வேடிக்கையாக இருந்திருக்கும்.

அன்று மதியமே எங்கள் கிராமச் செவிலியரைக் கூட்டிக்கொண்டு அவருடைய தெருவுக்குப் போனேன். செவிலியரை ஊரே அக்கா என்று கூப்பிடும், நானும் அப்படித்தான். வீடு வீடாக விசாரித்தோம். காய்ச்சல் கண்டவர்கள் ஒரே கிணற்றுத் தண்ணீரைக் குடிப்பவர்கள் இல்லை. ஒரே சாதிக்காரர்களோ ஒரே வேலை செய்கிறவர்களோ இல்லை. ஒருவர் தையற்காரர், ஒரு பெண் கடலை பொறுக்கப் போகிறவர், இன்னொருவர் வாசலை விட்டே அதிகம் இறங்காத ஓய்வுபெற்ற கண்டக்டர். ஆனால் தெருவின் நடுவில், அந்த மூட்டை தூக்குகிறவர் வேலை பார்த்த நெல், கடலைக் குடோனைச் சுற்றியே அத்தனை பேரும் இருந்தார்கள். தெருவின் இரண்டு முனைகளிலும் ஒருவருக்கும் இல்லை.

குடோன்காரர் அறுபதைத் தொடுகிற வியாபாரி. வீடும் குடோனும் ஒரே சுவர். நாற்காலி போட்டு உட்காரவைத்து, மோர் கொடுத்தார். எலித் தொல்லை உண்டா என்று கேட்டதும் முகம் மலர்ந்தது. தொல்லை இருந்ததாகவும், பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது குடோன் முழுக்க மருந்து வைத்து அடியோடு ஒழித்துவிட்டதாகவும் சொன்னார். கூடை கூடையாக அள்ளிக் கொட்டினாராம். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து கைகொடுத்துவிட்டுப் போனார்களாம்.

மோர் தம்ளரைக் கீழே வைத்தேன். தெள்ளு சூடான ரத்தத்தில் வாழ்கிறது. எலி செத்து உடம்பு குளிர்ந்ததும் அது இறங்கி அடுத்த சூட்டைத் தேடும். அத்தனை எலியும் ஒரே நேரத்தில் செத்தால் பக்கத்தில் இருக்கிற சூடு மனிதர்கள்தான். அது கடிப்பதைவிட அதன் எச்சம்தான் வினை. அரிக்கிறதே என்று நாம் சொறியும்போது எச்சத்தில் இருக்கிற கிருமி தோலுக்குள் போய்விடும். ஒன்றிரண்டு வாரம் கழித்துக் காய்ச்சல் வரும். நாள் கணக்கும் பொருந்தியது. இதையெல்லாம் அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னேன்.

அவர் முகம் இறுகிவிட்டது.

"எலிய ஒழிச்சதுக்கு இந்தத் தெருவே என்னைய மெச்சுச்சு. இப்ப காய்ச்சலுக்கே நாந்தான் காரணம்னு சொல்ல வாரீங்களா டாக்டரம்மா?"

"நீங்க செஞ்சது தப்பில்லைங்கய்யா. எலிய ஒழிக்கத்தான் வேணும். முதல்ல தெள்ள ஒழிச்சுட்டு அப்புறம் எலிகிட்டப் போயிருக்கணும். அத ஒங்களுக்கு யாரும் சொல்லல, அவ்வளவுதான்."

பேச்சை மாற்றுகிறவர்போல, அவருடைய மருமகள் ஏன் இந்த மாதம் பரிசோதனைக்கு வரவில்லை என்று அக்கா கேட்டார். மகன் கத்தாரில் வேலை பார்த்தான். மருமகளுக்கு ஏழாம் மாதம், கல்யாணமாகி வெகுநாள் காத்திருந்து தரித்த கரு. அவர் தரையைப் பார்த்தபடி, "அதுக்கும் காய்ச்சல்தாங்க. பனியில வந்ததுன்னு கஷாயம் வச்சுக் குடுத்தோம்" என்றார்.

உள்ளறையில் அந்தப் பெண் சுருண்டு படுத்திருந்தாள். உதடு காய்ந்து வெடித்திருந்தது. வயிற்றில் அதே புள்ளிகள். என்னைப் பார்த்ததும் எழப் பார்த்தாள்.

"புள்ள அசையுது டாக்டர். ஆனா முன்ன மாதிரி இல்ல."

அக்கா குழந்தையின் துடிப்பைக் கேட்கும் கருவியை வயிற்றில் வைத்து இங்கும் அங்கும் நகர்த்தினார். பிறகு குதிரை ஓடுகிற மாதிரி அந்தத் துடிப்புச் சத்தம் அறையை நிறைத்தது. வேகம் கூடியிருந்தது, ஆனால் தெளிவாக இருந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மற்றவர்களுக்குக் கொடுத்த மாத்திரையைக் கர்ப்பிணிக்குக் கொடுக்கத் தயக்கம் இருந்ததால், புதுக்கோட்டையில் இருந்த மூத்த மகப்பேறு மருத்துவரிடம் போனில் பேசி, அவர் சொன்ன வேறு மருந்தைத் தொடங்கினேன். ஆம்புலன்ஸ் வந்தது. நானும் கூடப் போனேன்.

புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் வார்டுக்கு வெளியே பெஞ்சில் என் பக்கத்தில் குடோன்காரர் உட்கார்ந்திருந்தார். மகன் போனில் திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். கடைசியில் அவர் போனை என்னிடம் நீட்டினார். அந்தப் பையனிடம், சீக்கிரம் கண்டுபிடித்துவிட்டோம், மருந்துக்குக் கேட்கிற நோய்தான் என்று சொன்னேன். சொல்லும்போது நானும் நம்பினேன். போனைத் திரும்ப வாங்கிக்கொண்டவர், "குடோன நாளைக்கே தொறந்து விடுறேன். என்ன செய்யணும்னு சொல்லுங்க, செய்யிறேன்" என்றார்.

மறுநாள் சுகாதாரத் துறை ஆட்கள் கையுறையும் முழுக்கால் சட்டையுமாக வந்தார்கள். எலி வளைகளிலும் சுவரோரங்களிலும் பூச்சிப்பொடி தூவினார்கள். மிச்சமிருந்த எலிகளை அப்போது யாரும் தொடவில்லை. பொடி வேலை செய்து முடிந்த பிறகுதான் பொறி வைத்தோம். மூட்டைகளைச் சுவரிலிருந்து தள்ளிப் பலகைமேல் அடுக்கினார்கள். வளைகளைக் கண்ணாடித் துண்டு கலந்த சிமென்டால் அடைத்தார்கள். வீடுகளில் பாய், போர்வை எல்லாம் கொதிநீரில் அலசி வெயிலுக்குப் போனது. தெரு முழுக்கக் கொடி கட்டியதில் பால்காரர் வண்டியை உருட்டிக்கொண்டு குனிந்து குனிந்து போனார்.

அந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல் மற்றவர்களைவிட மெதுவாகத்தான் இறங்கியது. ஒரு காலையில் நான் வார்டுக்குப் போனபோது இட்லியில் சட்னி போதவில்லை என்று மாமியாரிடம் குறைபட்டுக்கொண்டிருந்தாள். மருத்துவக் கல்லூரியிலிருந்து, நான் நினைத்த காய்ச்சல்தான் என்று முடிவு வருவதற்குள் தெருவில் பாதிப் பேர் வேலைக்குத் திரும்பியிருந்தார்கள். அதற்குப் பிறகு அங்கிருந்து புதிதாக யாரும் வரவில்லை.

குடோன்காரரை யாராவது குத்திப் பேசுவார்களோ என்று எனக்கு ஒரு கவலை இருந்தது. ஒரு சிலர் பேசத்தான் செய்தார்கள். மூட்டை தூக்குகிறவர் வழக்கம்போல அந்தக் குடோனுக்கே வேலைக்குப் போனார். அதைப் பார்த்து மற்றவர்களும் விட்டுவிட்டார்கள் என்று அக்கா சொன்னார்.

சித்திரை வெயிலில் பெண் குழந்தை பிறந்தது. நல்ல எடை. முதல் தடுப்பூசிகளுக்கு அதை எங்கள் நிலையத்துக்குத் தூக்கி வந்தவர் தாத்தாதான். ஊசி போட்டதும் குழந்தை அலறிய அலறலுக்கு என்னை ஒரு முறை முறைத்தார். வீட்டுக்குப் போகலாம் என்ற பிறகும் போகாமல், வரிசையில் பிள்ளைகளோடு நின்ற பெண்களிடம், உங்கள் வீட்டில் எலி உண்டா, மருந்து வைக்கப்போகிறீர்களா, வைப்பதற்கு முன்னால் பொடி போட வேண்டும் என்று தெரியுமா என்று விசாரித்துக்கொண்டிருந்தார். தெரியாது என்றவர்களை உட்காரவைத்து விளக்கினார். மருமகள் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று இரண்டு தடவை கூப்பிட்டாள்.