மரக்காணம் உப்பளத்தில் சூரியப் புள்ளியும் ஊமையான ரேடியோவும்

2005 ஜனவரி மூன்றாவது வாரம். சூரியனில் பெரிய கரும்புள்ளிக் கூட்டம் ஒன்று தெரிவதாக இணையத்தில் படித்ததிலிருந்து எனக்கு அலுவலகத்தில் வேலை ஓடவில்லை. எங்கள் மொட்டை மாடியில் மதியம் மூன்று மணிக்கே எதிர் அடுக்ககம் சூரியனை மறைத்துவிடும். நாள் முழுக்கத் திறந்த வானம் வேண்டும் என்றுதான் மரக்காணம் உப்பளத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

கோயம்பேட்டில் காலை 5.40க்கு பஸ், டிக்கெட் 42 ரூபாய். மரக்காணத்தில் இறங்கியபோது மணி 8.50. அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு 25 ரூபாய்.

"சர்வே எடுக்க வந்தீங்களா சார்? சுனாமிக்கு அப்புறம் தெனம் யாராவது வர்றாங்க."

"சூரியனைப் பாக்க வந்தேங்க."

ஆட்டோக்காரர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

சுனாமி வந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. உப்பளத்தில் பாத்திகளை மிதித்துச் சமப்படுத்திக்கொண்டிருந்தார்கள். சாலையோரம் யூசுப் பாயின் டீக்கடை. அவரிடம் கேட்டுக்கொண்டு, கடைக்குப் பக்கத்தில் என் சின்னத் தொலைநோக்கியை நிறுத்தி, சூரியனின் பிம்பத்தை வெள்ளை அட்டையில் விழவைத்தேன். ஓரத்தை நெருங்கிவிட்ட புள்ளிகள், மை சிந்தியதுபோல் தெளிவாகத் தெரிந்தன.

கடையில் ஒரு சிற்றலை ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. சுனாமிக்குப் பிறகு பாய் அதை அணைப்பதே இல்லையாம். பாத்தியில் நிற்பவர்களுக்கும் காது அதன்மேல்தான்.

மணி 12.15 இருக்கும். செய்தி வாசித்த குரல் தேய்ந்து தேய்ந்து காணாமல் போனது. பாய் முள்ளைத் திருப்பினார். எந்த நிலையமும் இல்லை.

"நேத்துதானே பேட்டரி போட்டேன்?"

நான் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டேன். சூரியனில் வெடிப்பு நடந்தால் பூமியின் பகல் பக்கத்தில் சிற்றலை அடங்கிவிடும் என்று படித்திருந்தேன். அது கண்ணெதிரே நடக்கிறது!

அதற்குள் முழங்கால் வரை சேறோடு ஒரு பெண் ஓடி வந்தார். பெயர் செல்வி. "பாய், ரேடியோ ஏன் நின்னுபோச்சு? தண்ணி வருதா?"

அவருக்குப் பின்னால் பாத்தியில் இருந்த எல்லோரும் கடலைப் பார்த்து நின்றிருந்தார்கள். என் சந்தோஷம் அந்த இடத்திலேயே செத்தது.

"சூரியன்ல ஒரு வெடிப்பு நடந்திருக்கும்னு நினைக்கிறேங்க. தூரத்து ஸ்டேஷன் கொஞ்ச நேரம் கேக்காது. கடலுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

பாய் மத்திய அலைக்கு மாற்றினார். உள்ளூர் நிலையத்தில் பாட்டு தெளிவாகக் கேட்டது.

"வெடிச்சதை நீங்க பாத்தீங்களா?" செல்வி கேட்டார்.

அட்டையில் எதுவும் மாறியிருக்கவில்லை. "இல்லைங்க."

"அன்னிக்கும் யாரும் ஒண்ணும் சொல்லல. என் தங்கச்சி பச்சப்புள்ளையோட கடலோரத்துல தனியா இருக்கா."

பாய் மொபெட்டை எடுத்தார். "உக்காரும்மா, போய்ட்டு வந்துடலாம். சார், கடையைப் பாத்துக்குங்க."

ஒரு மணிக்கு மேல் ரேடியோவில் மெல்லிய குரல் திரும்பியது. கொஞ்ச நேரத்தில் தங்கையும் குழந்தையும் மொபெட்டில் வந்து இறங்க, செல்வி கால் மணி கழித்து நடந்து வந்து சேர்ந்தார். அட்டையை வெகுநேரம் பார்த்தார்.

"இதுவா வெடிச்சுது? மறுபடி எப்போ வெடிக்கும்?"

"அதைச் சரியா யாராலயும் சொல்ல முடியாதுங்க."

"அப்ப நீங்களும் எங்களை மாதிரிதான்," என்றவர் முதல்முறையாகச் சிரித்தார்.

மாலை புதுச்சேரி போனேன். 35 கிலோமீட்டர், 14 ரூபாய். அங்கே ஒரு பிரவுசிங் சென்டரில் சூரியனின் எக்ஸ் கதிர்களைச் செயற்கைக்கோள் அளந்து காட்டும் கோட்டுப்படத்தைத் திறந்து, அதிலிருந்த உலக நேரத்தோடு ஐந்தரை மணி கூட்டி நம் நேரமாக்கிப் பார்த்தேன். ரேடியோ அடங்கிய அதே நேரத்தில் கோடு செங்குத்தாக ஏறியிருந்தது. என் ஊகம் சரிதான். ஆனால் செல்வி தங்கையைக் கூட்டிவரப் போனதும் சரிதான்.

போகிறவர்களுக்கு: தொப்பியும் மூன்று லிட்டர் தண்ணீரும் அவசியம்; நிழல் கிடையாது. தொலைநோக்கிக்குள் கண்ணை வைத்துச் சூரியனைப் பார்க்கவே கூடாது, அட்டையில் மட்டும்தான். கருவியை நிறுத்துவதற்கு முன் அங்கே வேலை செய்பவர்களிடம் போய், என்ன பார்க்க வந்திருக்கிறீர்கள், என்ன நடக்கலாம், எது உங்களுக்கே தெரியாது என்று சொல்லிவிடுங்கள். செல்வி ஓடி வருவதற்கு மூன்று மணி நேரம் முன்பே நான் அதைச் சொல்லியிருக்கலாம்.